துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பொருத்தம் பார்த்த அண்ணாச்சி!

விலை உயர்ந்த துப்பாக்கி. விலை உயர்ந்த தோட்டா. இரண்டும் சேர்ந்தால் வெற்றி நிச்சயம்தானே? "இல்லை" என்கிறது அம்பர்நாத்தில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். 700 தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்த பிறகு சொல்கிறது!

பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள் இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போவார்கள். பையன் நல்ல பையன். பெண்ணும் நல்ல பெண். ஆனாலும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பார்கள்.

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இப்படிப் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் இருந்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் லோக்கல் ரெயில் ஏறிப் போய், இந்தப் பொருத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள் ஓர் அப்பாவும் மகளும். அவர்களுக்குத் துணையாகப் போனவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. ஆனால், கணக்கு எழுதத் தெரியும்!

மூன்று புள்ளியில் போன வாய்ப்பு

அப்பா நெல்லைச் சீமைக்காரர். மும்பை கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மகளுக்கு வயது 22. பி.காம். முடித்தவர். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் பிடித்தார். பிறகு போட்டித் துப்பாக்கிக்கு மாறினார்.

அவர் கலந்துகொள்வது 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டி. மொத்தம் 60 குண்டுகள். முதல் 30 குண்டுகளை நிதானமாகச் சுடலாம். அடுத்த 30 குண்டுகளில்தான் சோதனை. இலக்கு மூன்றே வினாடிதான் அனுமதி தரும். அதற்குள் கையை உயர்த்தி, குறி பார்த்து, ஒரு குண்டு சுட வேண்டும். பிறகு ஏழு வினாடி ஓய்வு. மறுபடி மூன்று வினாடி. ஒரு கையால்தான் சுட வேண்டும்.

போன ஆண்டு ஒரு தேர்வுப் போட்டி. இரவல் துப்பாக்கியோடு போனார். இரண்டாவது கட்டத்தில் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. இடது கையை உயர்த்தினார். நடுவர் வந்து பார்த்தார். "துப்பாக்கியின் கோளாறுதான்" என்று ஏற்றுக்கொண்டு, மீதியை முடிக்க வாய்ப்புக் கொடுத்தார்.

சிறிது நேரத்தில் மறுபடியும் சிக்கிக்கொண்டது!

இந்த முறை விதி இடம் கொடுக்கவில்லை. 30 குண்டுகள் கொண்ட ஒரு கட்டத்தில் ஒரு தடவைதான் கோளாறு என்று சொல்ல முடியும். இரண்டாவது தடவை சிக்கினால், சுடாத குண்டுக்கெல்லாம் பூஜ்யம். அவருக்கு இரண்டு பூஜ்யங்கள் விழுந்தன. அணிக்குத் தேர்வாகும் வாய்ப்பு மூன்று புள்ளியில் போய்விட்டது.

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா பிராவிடண்டு பண்டில் கடன் போட்டார். உரிமம், அனுமதி, பரிந்துரை என்று பல மாதம் அலைந்தார்கள். கடைசியில் புதுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. மைதானத்தின் பாதுகாப்பு அறையில் அதைப் பூட்டி வைத்துவிட்டு வந்த அப்பா, அண்ணாச்சியிடம் சந்தோஷமாகச் சொன்னார்:

"புதுசு வந்தாச்சு அண்ணாச்சி. இனிமே கவலை இல்லே."

"புதுசுன்னாத்தான் கவலைப்படணும் தம்பி" என்றார் அண்ணாச்சி. "பழசுன்னா அதோட குணம் தெரியும். புதுசைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அண்ணாச்சி ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் 30 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏற்றுக்கொள், தள்ளு" என்ற இரண்டே வார்த்தைகளை ஆயிரக்கணக்கான தடவை எழுதிய கை!

ஓர் அங்குலத் தோட்டா

இந்தப் போட்டியில் பயன்படுவது "பாயிண்ட் டூ டூ லாங் ரைபிள்" என்ற தோட்டா. பெயரில்தான் ரைபிள் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்கும் இதே தோட்டாதான்.

நீளம் ஓர் அங்குலம். முனையில் இருக்கும் ஈயக் குண்டின் எடை சாதாரணமாக 2.6 கிராம். அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி 1887-ம் ஆண்டு இதைக் கொண்டு வந்தது. அன்று முதல் இன்று வரை உருவ அளவு மாறவில்லை. உலகத்தில் இதைப்போல அதிகமாகச் சுடப்படும் தோட்டாக்கள் மிகச் சிலவே.

இந்தத் தோட்டாவில் ஒரு விசேஷம் உண்டு. போலீஸ், ராணுவத் தோட்டாக்களின் அடிப்பாகத்தைப் பார்த்தால் நட்டநடுவில் ஒரு சிறு மூடி தெரியும். ஊசி அதன்மேல் அடித்தால் தீப்பொறி பிறக்கும். பாயிண்ட் டூ டூ தோட்டாவில் அந்த மூடி கிடையாது. அடிப்பாகத்தைச் சுற்றி மடித்த விளிம்பு இருக்கிறதல்லவா? அதன் உள்ளே, வளையம் மாதிரி, வெடி மருந்து பூசியிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்க வேண்டும். அப்போதுதான் வெடிக்கும்.

ஈரமாக இருக்கும் மருந்தை உள்ளே விட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். மருந்து ஓரத்துக்கு ஓடி விளிம்புக்குள் படியும். எங்கேயாவது ஒரு கடுகளவு இடத்தில் படியாமல் போனால்? ஊசி சரியாக அந்த இடத்தில் அடித்தால்? "டிக்" என்று சத்தம் வரும். குண்டு வராது!

ஊஞ்சல் கணக்கு

இது தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. அது எப்படி வேலை செய்கிறது?

குழலின் பின்பக்கத்தை மூடிக்கொண்டு ஓர் இரும்புக் கட்டை இருக்கிறது. "போல்ட்" என்பார்கள். அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டுமே. குண்டு முன்னால் பாயும்போது, வாயு வெற்றுக்கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. கூடு போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட் பின்னால் போகும்போது வெற்றுக்கூடு வெளியே எறியப்படுகிறது. ஸ்பிரிங் போல்ட்டை மறுபடி முன்னால் தள்ளுகிறது. வரும் வழியில் அது மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே விடுகிறது.

இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடக்கிறது.

"ஊஞ்சல் மாதிரி நினைச்சுக்கோ" என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினார் அண்ணாச்சி. "மெதுவாத் தள்ளினா பாதியிலேயே திரும்பிடும். ரொம்ப வேகமாத் தள்ளினா கயிறு தாங்காது. அந்த ஸ்பிரிங்குக்கு ஏத்த தள்ளு வேணும்."

தள்ளுவது யார்? தோட்டா. ஒவ்வொரு கம்பெனித் தோட்டாவின் தள்ளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாதாரண வகைக் குண்டு வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் போகும். அதிவேக வகை அதைவிட வேகமாகப் போகும். குண்டின் மேல் பூசும் மெழுகு ஒரு கம்பெனியில் மெல்லியதாக இருக்கும். இன்னொன்றில் பிசுபிசுப்பாக இருக்கும். ஈயக் குண்டு மெத்தென்று இருப்பதால், ஏறும்போது அதன் மூக்கு எங்கேயாவது இடித்தால் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே, நல்ல துப்பாக்கியும் நல்ல தோட்டாவும் சேர்ந்தே சண்டை போடலாம்!

பேரேடு திறந்தது

கையில் இருந்தது ஐந்து வகைத் தோட்டா. அண்ணாச்சி முதலில் துப்பாக்கியோடு வந்த கையேட்டைப் படிக்கச் சொன்னார். "அதிவேகத் தோட்டா கூடாது" என்று அதிலேயே எழுதியிருந்தது. ஒரு வகை, ஒரு குண்டுகூடச் சுடாமல் கழிந்தது.

மீதி நான்கு வகைகளுக்கும் பெட்டியின் நிறத்தை வைத்துப் பெயர் வைத்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை. சிவப்புதான் மிக விலை உயர்ந்தது. நீலமும் பச்சையும் நடுத்தர விலை. வெள்ளை மலிவு, கொஞ்சம் பழைய சரக்கு.

அண்ணாச்சி ஒரு நீளப் பேரேடு வாங்கி வந்தார். அதில் அவர் போட்ட கட்டங்கள் இவை:

எத்தனையாவது தோட்டா? எந்த மேகசின்? மேகசினில் எத்தனையாவது இடம்? என்ன நடந்தது?

மேகசின்கள் இரண்டு. அடியில் ஆணியால் 1, 2 என்று கீறினார். ஒரு மேகசினில் ஐந்து தோட்டா. ஒன்று மாற்றி ஒன்றாக இரண்டையும் போட வேண்டும் என்று விதி செய்தார்.

"சிக்கிச்சு, சிக்கலைன்னு மட்டும் எழுதினா அது கணக்கு இல்லை, தாயி. எப்படிச் சிக்கிச்சுன்னு எழுதணும்" என்றார்.

கோளாறு பல வகை. தோட்டா ஏறும்போது மூக்கு இடித்து நிற்பது ஒன்று. ஊசி அடித்தும் வெடிக்காதது இரண்டு. வெற்றுக்கூடு உள்ளேயே ஒட்டிக்கொள்வது மூன்று. வெளியே வரும் கூடு, மூடுகிற போல்ட்டில் மாட்டிக்கொண்டு, அடுப்புப் புகைக்குழாய் மாதிரி நட்டுக்கொண்டு நிற்பது நான்கு. வகை தெரிந்தால்தான் வியாதி தெரியும்.

பாதுகாப்பு விதிகளையும் மைதான அதிகாரி முன்னால் வைத்துப் பேசிக்கொண்டார்கள். வெடிக்காவிட்டால் துப்பாக்கி முகத்தை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருக்க வேண்டும். சில சமயம் தாமதமாக வெடிக்கும். வழக்கமான சத்தம் இல்லாமல் "புஸ்" என்று ஒலித்தால், அடுத்த குண்டைச் சுடவே கூடாது. முதல் குண்டு குழலுக்குள் நிற்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கிவிடும், வெடிக்கவும் கூடும். பயிற்சிக்காக வெறும் துப்பாக்கியின் விசையை இழுத்துக்கொண்டிருப்பதையும் அண்ணாச்சி தடுத்தார். விளிம்பில் அடிக்கும் ஊசி, தோட்டா இல்லாதபோது குழல் ஓரத்திலேயே அடித்து அதை நசுக்கிவிடும் ஆபத்து உண்டு.

நாலு பெட்டியின் கதை

முதல் இரண்டு ஞாயிறும் ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா. வகை மாறும்போதெல்லாம் குழலைத் துடைத்தார்கள். பழைய மெழுகு புதிய தோட்டாவின் கணக்கைக் கெடுத்துவிடக்கூடாது அல்லவா? முதல் 10 குண்டு குழல் பழக. அடுத்த 20 குண்டு மேஜைமேல் மணல் பை வைத்து, துளைகள் எவ்வளவு அகலத்தில் விழுகின்றன என்று அளக்க. கடைசி 20 குண்டு, போட்டி மாதிரியே ஒரு கையால், மூன்று வினாடியில்.

முடிவு இப்படி வந்தது:

வெள்ளை: 50-ல் மூன்று வெடிக்கவில்லை. ஊசி அடித்த பள்ளம் ஆழமாகவே இருந்தது. அதிகாரி முன்னிலையில், அதே தோட்டாக்களைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி அடித்தார்கள். இரண்டு வெடித்தன. விளிம்பில் மருந்து சரியாகப் படியவில்லை என்பது தெரிந்தது. தள்ளு!

பச்சை: ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. ஆனால் ஐந்து துளைகள் 62 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவின. நிதானக் கட்டத்து இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 50 மில்லிமீட்டர்தான். சரியாகக் குறி பார்த்தாலும் பத்து கிடைக்காது. தள்ளு!

சிவப்பு: ஐந்து துளைகளும் 22 மில்லிமீட்டருக்குள். பார்க்கவே அழகு. ஆனால் நான்கு தடவை வெற்றுக்கூடு புகைக்குழாய் மாதிரி நட்டுக்கொண்டது.

நீலம்: துளைகள் 30 மில்லிமீட்டருக்குள். ஒரே ஒரு தடவை தோட்டாவின் மூக்கு இடித்து நின்றது.

பெண்ணுக்குச் சிவப்பின் மேல்தான் ஆசை. "குறி இவ்வளவு சுத்தமா விழுது பெரியப்பா. ஓட ஓடச் சரியாயிடும்" என்றார்.

"ஆகட்டும். ஆனா ஓட்டித்தான் பார்க்கணும்" என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது ஞாயிறு. சிவப்பிலும் நீலத்திலும் தலா 100.

சிவப்பு இன்னும் ஐந்து தடவை சிக்கியது. மொத்தம் 150-ல் ஒன்பது. ஒன்பதும் புகைக்குழாய். இரண்டு மேகசினிலும் நடந்தது. ஆகவே மேகசின் குற்றம் இல்லை. தள்ளு போதாமல் ஊஞ்சல் பாதியில் திரும்புகிறது!

இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒருவர் இதே சிவப்புப் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார். அவருடையது வேறு கம்பெனித் துப்பாக்கி. "எனக்கு இது ஒரு தடவைகூட மக்கர் செய்ததில்லை" என்றார் அவர். தோட்டா கெட்டதல்ல. துப்பாக்கியும் கெட்டதல்ல. பொருத்தம் இல்லை. அவ்வளவுதான்!

நீலம் 100-ல் இரண்டு தடவை சிக்கியது. மொத்தம் 150-ல் மூன்று. மூன்றும் ஏறும்போது மூக்கு இடித்தவை. அண்ணாச்சி பேரேட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். மூன்று இடத்திலும் மேகசின் கட்டத்தில் ஒரே எண்: 2.

மேகசினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். தோட்டாவைப் பிடிக்கும் இரண்டு உதடுகளில் ஒன்று, மயிரிழை அளவுக்கு உள்ளே வளைந்திருந்தது. பேரேட்டில் மேகசின் எண்ணை எழுதாமல் இருந்திருந்தால், பழி தோட்டாவின் மேல் விழுந்திருக்கும்.

பழைய கணக்கை மூடு

இரண்டாம் நம்பர் மேகசினை விற்றவர்களிடமே திருப்பி அனுப்பி, அதற்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதற்கு 3 என்று எண் போட்டார் அண்ணாச்சி.

"முதல் மேகசின்ல நீலம் 75 போட்டிருக்கு. ஒண்ணுகூடச் சிக்கலை. போதுமே அண்ணாச்சி" என்றார் அப்பா. அவர் கவலை அவருக்கு. ஏற்கனவே எட்டுப் பெட்டி காலி. ஓர் ஆண்டுக்கு இவ்வளவு தோட்டாதான் வாங்கலாம் என்று உரிமத்திலேயே கட்டுப்பாடு உண்டு. காசும் தண்ணீராகப் போகிறது.

அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"சாமானை மாத்தியாச்சு. பழைய கணக்கை மூடு. பூஜ்யத்திலே இருந்து ஆரம்பி. முந்நூறு."

"முந்நூறா?"

"முந்நூறுதான்."

ஏன் முந்நூறு? இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

100 தோட்டாவுக்கு ஒன்று மக்கர் செய்யும் துப்பாக்கிகள் பத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 50 தோட்டா சுட்டால், பத்தில் சுமார் ஆறு துப்பாக்கிகள் ஒரு கோளாறும் இல்லாமல் பெட்டியை முடித்துவிடும்! "ஒரு பெட்டி சுட்டேன், அருமையாக ஓடுகிறது" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆனால் 300 தோட்டா சுட்டால், அதே மாதிரித் துப்பாக்கி நூற்றில் சுமார் ஐந்துதான் தப்பிக்கும்.

ஒரு நாள் ஒழுங்காக வேலைக்கு வந்தவனை நல்ல வேலையாள் என்று சொல்ல முடியாது அல்லவா?

214-வது தோட்டா

நான்கு, ஐந்து, ஆறாவது ஞாயிறு. நாளொன்றுக்கு 100 நீலத் தோட்டா. நடுவில் துடைக்கக்கூடாது. போட்டியில் அழுக்கோடுதான் ஓட வேண்டும். மே மாத வெயிலில் மெழுகு உருகிக் கையெல்லாம் பிசுபிசுத்தது.

நூறு முடிந்தது. ஒன்றும் இல்லை. இருநூறு முடிந்தது. ஒன்றும் இல்லை.

214-வது தோட்டா... "டிக்"!

குண்டு வரவில்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 30 வினாடி காத்திருந்து, அதிகாரி முன்னிலையில் எடுத்துப் பார்த்தார்கள். ஊசித் தடம் ஆழமாக இருந்தது. திருப்பி வைத்து அடித்தபோது வெடித்தது. தோட்டாவின் குற்றம். துப்பாக்கியின் குற்றம் இல்லை.

"இது துப்பாக்கிக் கணக்கிலே வராதே பெரியப்பா. விட்டுடலாமே" என்றார் பெண்.

"போட்டியிலே இலக்கு திரும்பும்போது, தோட்டா தப்பா துப்பாக்கி தப்பான்னு அது கேட்குமா தாயி? ஒண்ணுன்னா ஒண்ணுதான்" என்று சொல்லி, சிவப்பு மையில் எழுதினார் அண்ணாச்சி.

300 முடிந்தது. கோளாறு ஒன்று.

கணக்கு சொல்கிறது

இப்போது இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சிவப்பு: 150-ல் 9. அதாவது நூற்றுக்கு 6. இந்த விகிதத்தில் போனால், 30 குண்டுகள் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் சிக்குவதற்கு இரண்டில் ஒரு பங்குக்கும் மேலாக வாய்ப்பு உண்டு. விதி மன்னிப்பது ஒரு தடவைதான். ஆகவே போட்டிக்குப் போவதே நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான்!

நீலம்: 300-ல் 1. ஒரு கட்டத்தில் இரண்டு தடவை சிக்குவதற்கான வாய்ப்பு 200-ல் ஒன்றுக்கும் குறைவு.

குறியில் சிவப்பு 22 மில்லிமீட்டர், நீலம் 30 மில்லிமீட்டர். இரண்டுமே 50 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். வேகக் கட்டத்து இலக்கிலோ பத்துப் புள்ளி வட்டம் 100 மில்லிமீட்டர். அந்த எட்டு மில்லிமீட்டர் அழகுக்காக, இரண்டு பூஜ்யத்துக்குத் துணியலாமா?

பெண் சிவப்புப் பெட்டியைத் தாமாகவே ஒதுக்கி வைத்தார்.

ஒலிம்பிக்கிலும் இதே கதை

துப்பாக்கி நின்றுபோனால் எவ்வளவு பெரிய வீராங்கனையும் தவிக்கத்தான் வேண்டும். மனு பாக்கர் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டியில் சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய துப்பாக்கி பழுதானது. அது தோட்டா இல்லாத, காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி. சரிசெய்து வருவதற்குள் விலை மதிக்க முடியாத நிமிடங்கள் போய்விட்டன. எட்டுப் பேர்தான் இறுதிச் சுற்றுக்குப் போக முடியும். அவருக்குக் கிடைத்தது 12-வது இடம். அவர் மனம் தளரவில்லை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். 25 மீட்டர் போட்டியில் நான்காவது இடம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வாங்கியதும் பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கியில்தான். அந்தப் போட்டியில் ஐந்து இலக்குகளை ஐந்து குண்டுகளால் சுட வேண்டும். கடைசிக் கட்டத்தில் அதற்கு நான்கே வினாடி! அங்கே ஒரு கூடு சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதனால்தான் உலகத்தின் பெரிய வீரர்கள் தோட்டாவின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. பெட்டியில் அச்சடித்த லாட் நம்பரையும் பார்க்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் ஒரு தடவை தயாரித்ததற்கும் அடுத்த தடவை தயாரித்ததற்கும் சின்ன வித்தியாசம் இருக்கும். இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாபுவா போன்ற கம்பெனிகள், வீரர்கள் தங்கள் துப்பாக்கியையே கொண்டு வந்து, பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து வாங்குவதற்கென்று தனிச் சோதனைக் கூடங்களே வைத்திருக்கின்றன.

நம் குமாஸ்தாவால் இங்கிலாந்துக்குப் போக முடியுமா? அம்பர்நாத் அண்ணாச்சியின் பேரேடுதான் அவருக்குச் சோதனைக் கூடம்!

பட்டியலில் கடைசிப் பெயர்

மழைக்காலம் முடிந்த பிறகு தேர்வுப் போட்டி நடந்தது. அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தார். அண்ணாச்சி வரவில்லை. "நான் வந்து என்ன செய்யப் போறேன்? என் வேலை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டார். புறப்படும்போது பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்:

"இனிமே துப்பாக்கியை நினைக்காதே தாயி. அதைப் பத்தி நினைக்க வேண்டியதை எல்லாம் நாம நினைச்சு முடிச்சாச்சு. தப்பு நடந்தா அது கையோட தப்பு. கையை மட்டும் கவனி."

60 குண்டுகள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஒன்றுகூட "டிக்" என்று நிற்கவில்லை.

முதல் கட்டத்தில் கை கொஞ்சம் நடுங்கியது. சில எட்டுகள் விழுந்தன. அவை அவர் கையின் தப்பு. அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டாவது கட்டத்தில் சுதாரித்துக்கொண்டார். மாலையில் தேர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். கடைசிப் பெயர் அவருடையது. ஆனால் பெயர் இருந்தது!

ஸ்வீட் பாக்கெட்டோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போனார்கள் அப்பாவும் மகளும். அண்ணாச்சி ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"நீலப் பெட்டி மிச்சம் எத்தனை இருக்கு?"

"மூணு பெட்டி பெரியப்பா. புதுசா பத்துப் பெட்டி வந்திருக்கு."

"அதே லாட் நம்பரா?"

பெண் ஒரு நிமிடம் யோசித்தார். "இல்லை பெரியப்பா. வேற நம்பர்."

அண்ணாச்சி எழுந்து அலமாரியைத் திறந்தார். பேரேட்டை எடுத்து, புதுப் பக்கத்தைப் புரட்டி, தலைப்பில் தேதியைப் போட்டார்.

"சரி. ஞாயித்துக்கிழமை எந்த வண்டிக்குப் போவோம்?"